கடை திறக்கும் மெட்டு

கடையில் அவளுக்குப் பாட்டக்கா என்று பெயர். பாடத் தெரிந்ததால் வந்த பெயர் இல்லை. அவள் வாயைத் திறந்து பாடினால் பாத்திரப் பிரிவில் அண்டா உருளும் சத்தமே தேவலை என்றிருக்கும். நான்கு தளங்களிலும் ஒலிக்கும் இசைப்பெட்டி அவள் பொறுப்பில் இருந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எந்த நேரத்துக்கு எந்த இசை என்பது விளையாட்டு வேலையா? காலையில் கூட்டம் குறைவு, அப்போது மெதுவான இசை. ஜனங்கள் நடையைத் தளர்த்தி, வாங்க வந்ததை மறந்து, வாங்க நினைக்காததையெல்லாம் கூடையில் போடுவார்கள். மாலையில் நிற்க இடமில்லாமல் போகும்போது வேகமான இசை. எடுத்தோமா, போனோமா என்று கிளம்பிவிடுவார்கள். தன் காலை யாரோ இழுக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பாட்டக்காவுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. "ஒரு பட்டன்தான், நூறு பேர் நடை மாறுது பாரு" என்று வீட்டில் அளப்பாள்.

இரண்டு மெட்டுகளை மட்டும் அவள் மாற்றவே கூடாது. காலையில் கடை திறக்கும்போது ஒரு புல்லாங்குழல் மெட்டு, மெதுவாக, கொட்டாவி விட்டு எழுந்திருப்பது போல வரும். கடை மூடும்போது கைதட்டித் துரத்துவது போல ஒரு தாள மெட்டு. வாடிக்கையாளர்கள் மட்டுமல்ல, வேலை செய்பவர்களும் அந்த இரண்டுக்கும் பழகியவர்கள். பின்வாசல் வாட்ச்மேன் பதினொரு வருடமாகக் கடிகாரமே பார்ப்பதில்லை. முற்றத்து ஒலிபெருக்கியில் குழல் கேட்டால் கதவைத் திறப்பார். தாளம் கேட்டால் அந்த நொடியே இழுத்துப் பூட்டிவிட்டு முற்றத்தின் கோடியில் இருக்கும் குழாயடிக்குப் போய்விடுவார். மூடும் நேரத்தில் பின்வாசல் வழியாகச் சாமான் நழுவுகிறது என்பதால் வந்த ஏற்பாடு அது. அதற்குப்பின் எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

குழல் மெட்டு அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. விடியற்காலையில் அடுக்களையில் நின்று அதை முனகுவாள். ஏழு வயது மகள், வீட்டில் அவள் பெயர் சுண்டெலி, கண்ணைத் திறக்காமலே எழுந்து, சுவரைத் தடவித் தடவி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். அந்த மெட்டைக் கேட்டால் அம்மாவிடம் போக வேண்டும். அது சுண்டெலியின் சட்டம்.

அன்று பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானம் இரண்டரை மணிக்கு நாத்தனார் சுண்டெலியை அழைத்துக்கொண்டு இரண்டாம் மாடியில் இருக்கும் பாட்டக்காவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க பொண்ணோட ஷூ வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. மூணாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பாட்டுக்கு பட்டன அமுக்கிக்கிட்டு இருங்க."

"அத்தை கைய விடாதடி," என்றாள் பாட்டக்கா.

"அது எங்க விடும்? அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே நாத்தனார் போனாள். மஞ்சள் நிறத்தில் பெரிய பை ஒன்று அவள் தோளில் ஆடியது.

மூன்று மணிக்கு இன்டர்காம் அடித்தது. எலக்ட்ரீஷியன்.

"அக்கா, அடித்தளத்து கிடங்குல ஒயர் பத்திக்கிச்சு. அட்டைப்பெட்டி பக்கம் பரவுது. தீயணைப்புக்கு சொல்லிட்டேன். சனங்கள வெளிய அனுப்புங்க. பதறாம அனுப்புங்க, தயவுசெஞ்சு." பின்னால் யாரோ இருமினார்கள். லைன் போய்விட்டது.

அபாய மணி சும்மா சும்மா கத்துகிறது என்று ஆறு மாதமாக அதன் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். மைக்கும் அவளிடம் இல்லை. முன்பு ஒருமுறை யாரோ மைக்கில் "தீ" என்று சொல்லப்போக, தீயே இல்லாமல் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு ஒரு அம்மாளுக்குக் கால் முறிந்தது. அன்றிலிருந்து மைக் மேனேஜர் அறைக்குக் குடிபோய்விட்டது. மேனேஜரோ தலைமை அலுவலகத்தில் கூட்டம் என்று அறையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். அவள் கையில் மிச்சம் இருந்தது இசைப்பெட்டி ஒன்றுதான்.

மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் கடையில் முந்நூறு பேராவது இருப்பார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லோரும் போவார்கள், அவர்களோடு சுண்டெலியும் போகும். அவள் மூடும் மெட்டை அழுத்தினாள்.

தாளம் கிளம்பியது. அறையில் இருந்த சின்னத் திரையில் நான்கு கேமராக்களின் காட்சி தெரியும். அவள் அதையே முறைத்துப் பார்த்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு எதற்குக் கடையை மூடுகிறார்கள் என்று கேட்க ஒரு ஆளுக்காவது தோன்ற வேண்டுமே! இல்லை. சட்டையை உடம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டையைப் போட்டுவிட்டு நடந்தார். கடையில் வேலை செய்யும் அக்காக்கள் கைப்பையை எடுத்துக்கொண்டார்கள். கீழ்த்தளம் ஐந்து நிமிடத்தில் முக்கால்வாசி காலி. ஒரு கூச்சல் இல்லை, ஒரு தள்ளல் இல்லை. அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

சாய்ந்த முதுகு நிமிர்ந்தது. திரையின் ஒரு மூலையில் முன்படிக்கட்டு சாம்பல் நிறமாக இருந்தது. கிடங்கிலிருந்து புகை அந்த வழியாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிக் கூட்டம் அதைக் கண்டு நின்று, மூக்கைப் பொத்தி, மொத்தமாகத் திரும்பிப் பின்படிக்கட்டை நோக்கி நடந்தது. நல்லதுதான் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் நான்காவது கேமராவைப் பார்த்தாள்.

பின்வாசல் இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது.

பூட்டச் சொன்னதும் அவள்தான். தாளம் கேட்ட நொடியில் வாட்ச்மேன் பதினொரு வருடப் பழக்கத்தில் பூட்டிவிட்டுக் குழாயடிக்குப் போயிருப்பார். அடிப்பாவி, அடிப்பாவி என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். படிக்கட்டில் ஆட்கள் வந்து கதவில் முட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். வளைவில் ஒரு மஞ்சள் பை தெரிந்தது. அதன் பக்கத்தில், பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே, ஒரு சின்னத் தலை. கதவை யாரோ உதைத்தார்கள். சத்தமில்லாத திரையில் அந்தக் கால் மட்டும் மேலும் கீழும் போனது.

இன்டர்காம் முற்றத்துக்குக் கிடையாது. வாட்ச்மேன் போன் பெட்டியில் கிடக்கும், வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பதும் கடையின் சட்டம்தான். முற்றத்தில் முழங்கும் தாளத்தில் கதவை உதைப்பதும் குழாயடிவரை கேட்காது. அவர் காதுக்குப் போகிற ஒரே வழி அந்த ஒலிபெருக்கி. அவருக்குத் தெரிந்த பாஷை இரண்டு மெட்டு.

திறக்கும் மெட்டைப் போட்டால் அவர் திறப்பார். ஆனால் அது எல்லா மாடியிலும் கேட்கும். போகிறவர்கள் நிற்பார்கள். இரண்டாம் மாடியில் இன்னும் சிலர் பாத்திரங்களுக்கு நடுவே அசைந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் துரத்துவது இந்தத் தாளம் ஒன்றுதான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும், அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கடையிலேயே இல்லை. தெரிந்தும் அழுத்தினாள். பெற்ற வயிறு கணக்கா பார்க்கும்?

குழல் ஒலித்தது. அவள் திரையில் கதவை மட்டும் பார்த்தாள். "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று வாய் தானாகப் புலம்பியது. உள்ளங்கை வேர்த்து மேசையில் வழுக்கியது. கதவின் மறுபக்கம் ஒன்றும் அசையவில்லை. இன்னொரு முறை பார்த்தபோது, கதவுக்கு வெளியே, ஈரக் கையை சட்டையில் துடைத்தபடி, தலையைச் சொறிந்துகொண்டு அவர் வந்து நின்றார். பூட்டைத் திறந்தார். கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே கொட்டியது. மஞ்சள் பை போனது. பிள்ளைத் தலை தெரியவில்லை, ஆனால் அந்த நெரிசலில் எந்தப் பிள்ளைத் தலைதான் தெரியும்?

மெட்டு நின்றால் அவர் குழம்பிப்போய் மறுபடி பூட்டிவிடுவாரோ என்று பயந்து, அது திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி வைத்தாள். பழக்கத்தில் அறையைப் பூட்டிவிட்டு, கைக்குட்டையை மூக்கில் அழுத்தி, அறை வாசலை ஒட்டி இருந்த முன்படிக்கட்டில் இறங்கினாள். புகை கண்ணைக் குத்தியது. கைப்பிடியைத் தடவித் தடவி, எத்தனை படி என்றே தெரியாமல் இறங்கி வெளியே வந்து விழுந்தாள். எழுந்து கடையைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

நாத்தனார் சுவரோரம் நின்றிருந்தாள். தனியாக.

"சுண்டெலி எங்கடி?"

நாத்தனாரின் முகம் வெளிறியது. "அண்ணி... உங்ககிட்ட வரலையா? படிக்கட்டுல நிக்கிறப்போ, 'அம்மா கூப்பிடுறாங்க'ன்னு சொல்லிச்சு. நான் இறுக்கிதான் பிடிச்சேன் அண்ணி. வெடுக்குன்னு கைய உருவிக்கிட்டு மேல ஓடிருச்சு. கூட்டம் என்னை இழுத்துட்டு வந்துருச்சு. நீங்க எங்கயோ மேலதான் நின்னு கூப்பிடுறீங்கன்னு..."

முற்றத்து ஒலிபெருக்கியில் குழல் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. வா, வா, வா.

வாட்ச்மேன் "உள்ள போகாதம்மா!" என்று கத்தியது காதில் விழவில்லை. பின்படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். முழங்கால் இடித்தது. செருப்பு ஒன்று கழன்றுபோனது. இரண்டாம் மாடிக்குள் நுழைந்தவள் ஒரு கணம் திகைத்தாள்.

அங்கே பத்துப் பேராவது இருந்தார்கள். கூரையின் கீழே புகை மெல்லிய விரிப்பாகப் படர்ந்திருந்தது. அதன் அடியில் ஒருவர் தோசைக்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் கண்ணைக் கசக்கிவிட்டு, மூடிகளைப் பொருத்திப் பார்த்தாள். கிளம்பத்தான் போனார்கள், குழல் கேட்டதும் கடை மூடவில்லை என்று நடையைத் தளர்த்திவிட்டார்கள். ஆறு வருடமாக அவள் கர்வப்பட்ட காட்சி அதுதான்.

"போங்க!" என்று கத்தினாள். ஆறு வருடத்தில் அந்தக் கடையில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "தீப்பிடிச்சிருக்கு! பின்வாசல் வழியா போங்க! அந்தப் பாட்டைக் கேக்காதீங்க!"

தோசைக்கல் தரையில் விழுந்தது. அவர்கள் ஓடியதை அவள் பார்க்கவில்லை. முன்பக்கம் போகப் போகப் புகை இறங்கிக் கழுத்தளவுக்கு வந்தது. அவள் குனிந்து, அப்புறம் தவழ்ந்து போனாள். அறைக் கதவின் கீழே, புதிய ஷூ போட்ட இரண்டு சின்னக் கால்கள்.

சுண்டெலி கதவோடு ஒட்டி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, வந்துட்டேன். கதவைத் தொற. அம்மா, வந்துட்டேன்." குரல் கம்மிப்போயிருந்தது. உள்ளேயிருந்து குழல் இன்னும் வா வா என்றது.

எப்படித் தூக்கினாள், எப்படி இறங்கினாள் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. முற்றத்தில் தீயணைப்பு ஆள் ஒருவர் பிள்ளையை அவள் கையிலிருந்து பிரிக்கப் படாத பாடு பட்டார். சுண்டெலி இருமியது, வாந்தி எடுத்தது, தண்ணீர் கேட்டது. அதற்குப்பிறகுதான் நாத்தனார் ஓவென்று அழத் தொடங்கினாள். தீ கிடங்கோடு அடங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வந்து சேர்ந்த மேனேஜர், கீழ்த்தளம் ஐந்தே நிமிடத்தில் காலியானதைக் கேட்டு, "ஏன்னு ஒருத்தர்கூட கேக்கலையா? பிரமாதம்!" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் விடியற்காலை அடுக்களையில் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தபோது, பழக்க தோஷத்தில் தொண்டை அந்த மெட்டைத் தொடங்கிவிட்டது. இரண்டு சுரம் வெளியே வந்திருக்கும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் தோளைத் தொட்டாள்.

சுண்டெலி விழித்துத்தான் இருந்தது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தது. "நீ இன்னும் முழுசா பாடல. நான் எப்படி வர்றது?"

"இனிமே பாட்டு கேட்டா வராதடா செல்லம். எங்க கேட்டாலும் வராத. நான் வந்து தொட்டு எழுப்பினா மட்டும் வா."

"ஏன்?"

"அந்தப் பாட்டு எல்லாருக்கும் கேக்குதுல்ல. நேத்து அத வாட்ச்மேன் மாமாவுக்குத்தான் போட்டேன். கதவு தொறக்கணும்னு."

பிள்ளை கண்ணைத் திறந்தது. புகையில் சிவந்த கண் இன்னும் வெளுக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"அப்போ நீ என்னைக் கூப்பிடவே இல்லையா?"