பரமலிங்கத்தாரின் வீட்டுக் குளிர்

பரமலிங்கத்தார் ஏசி பூட்டிய நாளிலிருந்து அதன் குளிர் அவருடைய வீட்டில் தங்கவில்லை. அது அறைக்குள் பிறந்து, நிலத்தோடு நிலமாக ஊர்ந்து, பின்கதவின் கீழால் வெளியேறி, கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு, வேலிக்கு அப்பால் அவருடைய தங்கச்சி பராசக்தி குடியிருந்த தகரக் கொட்டிலுக்குள் போய் இருந்துகொண்டது. அரியாலையில் சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த நாட்களில் பராசக்தியின் போத்தலில் தேங்காயெண்ணெய் உறைந்து வெள்ளைக் கட்டியாக நின்றது. நிவாரணத்தில் எப்போதோ கிடைத்த கம்பளிச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் முற்றம் கூட்டினாள். கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் கத்தரீனா, காலையில் விற்காமல் மிஞ்சிய இறாலைப் பராசக்தியின் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் பின்னேரச் சந்தைக்கு எடுத்துப்போவாள்; ஒன்றுகூடப் பழுதாவதில்லை. ஒழுங்கையில் குடியிருந்த யாரும் இதைப் பெரிய புதினமாகக் கதைக்கவில்லை. குளிர் வீட்டுச் சொந்தக்காரியிடம் போகிறது, வேறெங்கே போகும் என்று இருந்துவிட்டார்கள்.

ஏனென்றால் அந்த வீடு பராசக்தியின் சீதனம். யாழ்ப்பாணத்தில் தாயின் வீடு மகளுக்குப் போவதுதான் வழக்கம்; கலியாணத்தின்போது தாய் அதை அவள் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாள். சண்டைக் காலத்தில் பராசக்தி புருசனோடு வன்னிக்குப் போனாள். பரமலிங்கத்தார் ஊருக்கு முதலில் திரும்பி, இடிந்த வீட்டைத் திருத்தி, மேலே தட்டுப் போட்டு, அதிலேயே குடியேறினார். சண்டை முடிந்து, முகாமிலிருந்து விட்ட பிறகு, பராசக்தி ஒரு துணிப்பையோடு தனியே வந்து வாசல் படலையில் நின்றாள். புருசன் இல்லை. உறுதி வைத்திருந்த பெட்டியும் இல்லை. பரமலிங்கத்தார் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தார். அவள் அதைக் குடித்து முடிப்பதற்குள் கேட்டார்: "உறுதி கையிலை இருக்கோ, தங்கச்சி?" அவர் காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். பெட்டி தொலைந்தாலும் கந்தோரில் பிரதி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பராசக்தி தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்தாள். பின்வளவில் தகரம் அடித்துக் கொட்டில் போட்டாள். அதன் பிறகு அண்ணனோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தீபாவளிக்கு அவர் சீலை வாங்கி அனுப்புவார். அது மறுநாள் வேலியில் தொங்கும்.

குளிர் எங்கே போகிறது என்று பரமலிங்கத்தாருக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். மேற்கே பெரிய கண்ணாடி யன்னல்களோடு அந்த வீடு பாண் சுடும் போறணை மாதிரிக் கொதித்தது. ஏசிகள் இரைந்தன, அவர் வேர்த்துக்கொண்டிருந்தார். பூட்டியவனைத் திட்டினார், வேறு கொம்பனி மாற்றினார், கரண்ட் பில் வரும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்தார். மனைவி காலமாகிவிட்டாள்; மகன் மயூரதன் சுவிசில் இருந்தான். அவன்தான் போனில் சொன்னான்: "அப்பா, இஞ்சை வீடு வாங்க முதல் சூடு எங்காலை வெளியிலை போகுது எண்டு அளந்து பாத்திட்டுத்தான் வாங்குவினம். உங்கையும் உந்த வேலை செய்யிற ஆக்கள் இருக்கினம். ஒருக்காக் கூப்பிடுங்கோ."

அப்படி வந்தவள்தான் ஜெனிற்றா. குருநகர்ப் பிள்ளை, எஞ்சினியருக்குப் படித்தவள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவு யன்னல் ஓரமெல்லாம் பிடித்து, புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்தாள். சூட்டைச் சிவப்பாகவும் குளிரை நீலமாகவும் காட்டும் கமராவைச் சுவர் சுவராக நீட்டினாள். கொங்கிறீற்றுத் தட்டு பகல் முழுக்க வெயிலை வாங்கி இரவு முழுக்கக் கீழே இறக்குகிறது, அதற்கு வெள்ளைப் பூச்சு வேண்டும் என்றாள். யன்னலுக்கு வெளியே நிழல் வேண்டும், உள்ளே திரைச்சீலை தொங்கவிட்டுப் பிரயோசனமில்லை என்றாள். குசினியில் குளிர்சாதனப் பெட்டிக் கதவின் றபர் வெடித்திருந்ததைக் காட்டினாள். கடைசியாகப் பின்கதவின் கீழே கமராவைப் பிடித்தபோது அங்கே நீலம் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தபடியே அதன் பின்னால் நடந்தாள். பரமலிங்கத்தார் அவளுக்குப் பின்னால் நடந்தார். கிணற்றடியைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார்.

"உது ஆற்றை வீடு ஐயா?"

"எங்கடை ஆக்கள்தான்."

வேலிக்கு அப்பால் சுவெட்டரோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பராசக்தி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். ஜெனிற்றாவுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. அறிக்கைக்குத் தேவையென்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வீட்டுச் சொந்தக்காரர் எண்டு ஆற்றை பேரைப் போட ஐயா?" வேலை செய்த காலமெல்லாம் சொந்தக்காரர்களின் பெயரையே எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர். "அதைப் பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார். அன்றைக்கு அவர் பகல் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஜெனிற்றா சொன்ன எல்லாவற்றையும் அவர் செய்தார். தட்டுக்கு வெள்ளை பூசினார், யன்னல்களுக்கு வெளியே ஓலைத் தட்டி கட்டினார், பின்கதவின் கீழே றபர் அடித்தார். பில் அரைவாசியாகக் குறைந்தது. இப்படியான பரிசோதனையால் வீட்டுக்காரருக்கு நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குளிர் மட்டும் மூடிய கதவாலும் போனது. என் காசில் எனக்கில்லாத குளிர் அவளுக்கு எதற்கு என்ற நினைப்பு ஒரு மத்தியானம் அவருக்கு வந்தது. எழுந்துபோய் எல்லா ஏசிகளையும் நிறுத்தினார். அவருடைய வீட்டில் சூடு கூடவுமில்லை, குறையவுமில்லை. வேலிக்கு அப்பால் தகரம் கொதித்தது. பின்னேரம் இறால் எடுக்க வந்த கத்தரீனா, பராசக்தி வாசலில் நினைவில்லாமல் கிடந்ததைக் கண்டு கத்தி ஆட்களைக் கூட்டி ஓட்டோவில் ஏற்றினாள். படலையில் நின்ற பரமலிங்கத்தாரைக் கண்டதும், சோறு வடித்தாயிற்றா என்று கேட்பதைப் போலக் கேட்டாள்: "மெசினை நிப்பாட்டிப்போட்டியளோ ஐயா?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. குளிர் போவதும் தெரியும், ஏன் போகிறது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே இவ்வளவு காலமும் அவருக்கு வணக்கம் சொல்லி, கோயில் கூட்டத்தில் முன்வரிசையில் இருத்தியிருக்கிறார்கள். வெட்கம் அவருடைய உள்ளங்காலிலிருந்து ஏறியது. நிலம் பிளந்து தன்னை இழுத்துக்கொள்ளாதா என்று நின்றார். அரியாலையில் எவ்வளவோ நடந்திருக்கிறது. அன்றைக்கு நிலம் பிளக்கவில்லை.

மறுநாள் அவர் தன்னுடைய பழைய கந்தோருக்குப் போய் உறுதியின் பிரதியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை, வீடு எப்போதும் அவளுடையதாகவே இருந்தது. "தங்கச்சி, உது உன்ரை வீடு. நான் களவெடுத்து வைச்சிருந்தனான்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னால் அது இன்னொரு களவு என்று அவருக்குப் பட்டது. பராசக்தி கடதாசியை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வெளியே வந்து ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தார். "பராசக்தி எண்டு போடுங்கோ பிள்ளை."

பராசக்தி முன்படலையால் வீட்டுக்குள் வந்த அன்றே குளிர் அந்த வீட்டில் தங்கிவிட்டது. பிறகு ஏசி போடவேண்டிய தேவையே வரவில்லை. பரமலிங்கத்தார் பையைக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போக நினைத்தார். அவள் அதற்குள் தகரங்களைக் கழற்றிக் கத்தரீனாவுக்குக் கொடுத்துவிட்டாள். அவர் விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தார். அவள் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள், ஒன்றும் கதைக்கவில்லை. மறுமுறை ஜெனிற்றா வந்து அளந்தபோது வீடு முழுக்க நீலம், பரமலிங்கத்தாரைச் சுற்றி ஒரு முழத் தூரத்துக்கு மட்டும் சிவப்பு. காய்ச்சலோ என்று தெர்மாமீற்றர் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "உது கட்டிடத்திலை உள்ள பிழை இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தக் கதை பரவியதும் வலிகாமத்தில் பரிசோதனைக்குச் சொல்லிவைத்திருந்த பல ஆண்கள் நாளைத் தள்ளிப்போட்டார்கள். சிலர் கமரா வருவதற்கு முதலே தங்கச்சிமாரின் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. அந்தக் குளிர்ந்த வீட்டில் ஒரு துணியும் காயவில்லை. பராசக்தி பிழிந்த உடுப்புகளோடு விறாந்தையில் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு அண்ணனுக்கு முன்னால் வந்தாள். பதினைந்து வருசத்துக்கு மேல் அவரோடு கதைக்காத வாய் திறந்தது.

"அண்ணை, கொஞ்சம் நிமிர்ந்து இருங்கோ. உடுப்புக் காயவேணும்."

ஈரச் சீலையை அவருடைய தோளில் விரித்தாள். பரமலிங்கத்தார் நிமிர்ந்து இருந்தார். பொழுதுபடுவதற்குள் சீலைகள் எல்லாம் காய்ந்து, ஒரு போர்வையும் காய்ந்திருந்தது.