மூன்றாம் வேகம்

காத்தான்குடியில் வீடு வீடாகப் போய் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் நஸீறாவிடம், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். மின்விசிறி சுழலும் சத்தம்தான் உலகத்திலேயே பிடித்தது என்று எந்த வாயால் சொல்வது?

இணையத்தில் சொல்லலாம். அவளைப் போன்ற ஆட்கள் அங்கே இருந்தார்கள். போலந்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் பழைய குளிர்சாதனப் பெட்டிகள் உறுமுவதைப் பதிவுசெய்து போட்டார். பிரேசிலில் ஒரு பெண் லிஃப்ட் கதவுகள் மூடும் சத்தங்களைச் சேர்த்தாள். நஸீறா விசிறிகளைச் சேர்த்தாள். அளவெடுக்கப் போகும் வீடுகளில், துணியை விரித்து வைத்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைப்பாள். பேச்சுக் குரல் விழுந்த இடங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் தன் பக்கத்தில் போடுவாள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவளுடைய குரல் மெதுவாகச் சொல்லும்: "சாப்பாட்டறை. மூன்று இதழ். மூன்றாம் வேகம்." ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்திருந்தன. கேட்பவர்கள் நாற்பது பேர் இருக்கும். பஸ் சாரதி ஒருமுறை மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் தமிழில் எழுதியிருந்தார்: "உங்கள் பதினேழாவது விசிறி என் மனைவி இறந்த பிறகு என்னைத் தூங்க வைக்கிறது." அந்த வரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

தலாக் ஆகி வந்த பிறகு அவளுடைய வீட்டில் அவளும் தம்பி றிஸ்லானும் மட்டும்தான். றிஸ்லான் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். ஊராரைக் கேலி செய்யும் பேஸ்புக் பக்கம் ஒன்று ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நடத்துவது யாரென்று எவருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தில் நஸீறாவின் குரல் வந்தது. ஒரு குரங்கு தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டும் படத்தின் மேல் அவளுடைய "மூன்றாம் வேகம்" திரும்பத் திரும்ப ஒலித்தது. கீழே எழுதியிருந்தது: "எங்கட ஊரு விசிறிப் பைத்தியம். உங்கட ரூமுக்குள்ளயும் வந்து போயிருப்பா, பாத்துக்குங்க."

பின்னேரமாவதற்குள் பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். குரலை அடையாளம் கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

முதலில் வந்தவள் துணி தைக்கக் கொடுத்திருந்த நஸீபா. வாசலிலேயே நின்றாள்.

"என்ட துணியத் தந்திடுங்க நஸீறா. வெட்டினது வெட்டினபடி கிடக்கட்டும்."

"பேச்சு ஒண்டும் எடுக்கல்ல நஸீபா. ஃபேன்ட சத்தம் மட்டும்தான்."

"சத்தம் எடுக்கிறவவுக்குப் படம் எடுக்க எவ்வளவு நேரம்? எங்கட ஊட்டுல குமருப் புள்ளயள் இரிக்கி."

மூன்று நாளில் பதினான்கு வீடுகள் துணியைத் திருப்பி வாங்கின. றிஸ்லான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து பல்லைக் கடித்தான். "ஆருண்டு மட்டும் தெரியட்டும் ராத்தா, கையை முறிச்சிடுவன்."

நஸீறா அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அப்போதே அவளுக்குத் தெரியும். அந்த வீடியோவில் வந்த பதிவை அவள் இணையத்தில் போட்டிருக்கவே இல்லை. அது அவளுடைய போனில் மட்டும்தான் இருந்தது. சார்ஜ் ஏறவில்லை என்று அந்தப் போனை இரண்டு நாள் கடைக்குக் கொண்டுபோனவன் றிஸ்லான்.

அவள் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பான், ஒரு பகிடிக்குத்தானே என்பான்.

ஒரே ஒரு பெண் மட்டும் துணியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் இருந்த ஸாதியா, றிஸ்லானுக்குப் பேசி முடித்திருந்த பெண். சிறு வயதிலிருந்தே இடது காலை இழுத்து நடப்பவள். அவளுடைய கலியாணச் சாரிக்கான சட்டை நஸீறாவிடம்தான் இருந்தது. ஸாதியா குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "ராத்தா, நான் உங்களுக்கிட்டத்தான் தைப்பன். எல்லாத்தயும் இருந்து கேட்டன். பதினேழாவது சரியான வடிவு."

ஞாயிற்றுக்கிழமை காலை நஸீறா தன் பக்கத்தை அழித்தாள். பிறகு போனில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தபோது, குரல் விழுந்ததால் முன்பு ஒதுக்கி வைத்த ஒன்று அகப்பட்டது. சொந்த வீட்டு விறாந்தை. இரண்டாவது நிமிடத்தில் விசிறியின் சத்தத்துக்கு நடுவே றிஸ்லான் யாரோ கூட்டாளியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்:

"புள்ள நொண்டிதான்டா. சீதனமா வாற ஊடு ரெண்டு மாடி. நான் கலியாணம் கட்டுறது அந்த ஊட்டத்தான், அது ஒரு மூலையில கிடக்கும்."

நஸீறா அதை மட்டும் அழிக்கவில்லை.

அடுத்த நாள் சட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். ஸாதியா தேத்தண்ணி ஊற்றினாள், சட்டையைப் போட்டுப் பார்த்தாள். தோளில் அச்சொட்டாக நின்றது. கண்ணாடிக்கு முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஸாதியா, ஒரு ஃபேன் சத்தம் இரிக்கி. ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாதது. கேக்கிறயா?"

ஸாதியா கட்டிலில் இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். முகம் மலர்ந்தது. "மூணாம் வேகமா ராத்தா?"

"ஓம்."

நஸீறா அந்தப் பதிவை ஓடவிட்டாள். குரல் வருவதற்குள் நிறுத்த ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவள் விரலை அசைக்கவில்லை. தம்பி கலியாண வீட்டின் வாசலில் தலைகுனிந்து நிற்பதை மட்டும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

றிஸ்லானின் குரல் வந்தது, போனது. ஸாதியா கடைசிவரை கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"இத என்னத்துக்கு எனக்குப் போட்டுக் காட்டினீங்க?"

"உனக்குத் தெரிஞ்சிருக்கணும் எண்டுதான்."

"எனக்குத் தெரியாதா ராத்தா? எட்டுப் பேர் என்னப் பொண்ணு பாத்துட்டு வேணாமெண்டு போனவங்க." சட்டையின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "தெரிஞ்சும் என்ட காதால கேக்காம இருந்தன். இனி ஒவ்வொரு நாளும் அந்தப் பேச்சு காதுல கேக்கும்."

ஸாதியா சட்டையை மடித்து நஸீறாவின் மடியில் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.

ஸாதியா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது. கடையில் வாங்கிய சட்டை தோளில் தொளதொளத்தது. நஸீறா மேடைக்கு ஏறி ஸலாம் சொன்னபோது மணப்பெண் பதில் சொன்னாள், கையை மட்டும் தரவில்லை.

மாதம் ஒன்றாகி, ஸாதியாவின் வீட்டில் குடியேறியிருந்த றிஸ்லான் தன் மிச்ச உடுப்பை எடுக்க வந்தான். உடம்பு வைத்திருந்தது. முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்தான்.

"நல்ல புள்ள ராத்தா," என்றான். "ஒண்டுமே கதைக்க மாட்டா. என்ன சொன்னாலும் ஓம் எண்டுவா. இந்தக் கலியாணம் சரிவருமா எண்டு நீங்க சும்மா யோசிச்சிக்கிட்டு இரிந்தீங்க."

அந்தப் பக்கத்தை நடத்தியது நீதானே என்று கேட்க இதுதான் நேரம். ஆனால் கேட்டால் அவனும் திருப்பிக் கேட்பான், ஸாதியா ஏன் நஸீறாவின் பேரெடுத்தாலே எழும்பிப் போகிறாள் என்று.

நஸீறா வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?" என்று கேட்டாள்.