மூடி போடாத ஊசி

குப்பை நாறும். நாறத்தான் செய்யும். பதினோரு வருடமாகத் திருநின்றவூரில் வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குகிறேன், நாற்றத்துக்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குக் குமட்டுவதெல்லாம் மனுஷர்களைப் பார்த்துத்தான். கேட்டுக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருப்பார்கள், வாசலில் கோலம் போட்டிருப்பார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியை நீட்டுவார்கள். வாளிக்குள் சாம்பார் சோறும் குழந்தையின் பேம்பர்ஸும் ஒன்றாகக் குழைந்து கிடக்கும்.

மக்கும் குப்பை பச்சைத் தொட்டிக்கு. மக்காதது நீலத் தொட்டிக்கு. ஊசி, பேட்டரி, நாப்கின் எல்லாவற்றையும் தாளில் சுற்றித் தனியாக என் கையில் தர வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. போதாக்குறைக்கு எங்கள் பேட்டரி வண்டியிலும் ஒலிபெருக்கி வைத்து இதையே பாட்டாகப் போடுகிறார்கள். எல்லோரும் கேட்டுத் தலையாட்டுவார்கள். மறுநாளும் அதே பேம்பர்ஸ் வரும்.

வண்டியை ஓட்டுவது விக்டோரியா அக்கா. நான் பக்கத்தில் நடந்து, வாளிகளை வாங்கித் தொட்டியில் கொட்டுவேன். தெரு முடிந்ததும் முனையில் நிறுத்தி, பச்சைத் தொட்டியைக் கையால் கிளறி, தப்பாக வந்ததையெல்லாம் பொறுக்க வேண்டும். மூன்றாவது குறுக்குத் தெரு முனையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்படிக் கிளறும்போதுதான் என் நடுவிரலில் ஊசி ஏறியது.

கையுறை போட்டிருந்தேன். விரல் நுனி கிழிந்த கையுறை. புதிது கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இன்னாடி சந்திரகலா, இன்னா ஆச்சு?" என்று விக்டோரியா அக்கா இறங்கி வந்தார்.

"ஊசிக்கா. மூடியே இல்ல."

"அடப்பாவிங்களா! மொதல்ல சோப்பு போட்டுக் கழுவு, வா!" என்று குழாயடிக்கு இழுத்துப் போனார்.

கழுவிவிட்டு வந்து, ஊசி வந்த செய்தித்தாள் சுருட்டைப் பிரித்துப் பார்த்தேன். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, ஒரு கை அளவுக்குப் பில்டர் காபித்தூள் சக்கை. அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடு. எந்த வீட்டில் என்றைக்குக் கோழி, எந்த வீட்டில் எத்தனை பாட்டில் என்பது அவர்கள் சொந்தக்காரர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தொரு வீட்டில் டீ. பில்டர் காபி போடுவது சுகிர்தா அம்மா வீட்டில் மட்டும்தான்.

எனக்கே நம்ப முடியவில்லை. குப்பையை ஒழுங்காகப் பிரித்துத் தருவதற்குப் பரிசு வாங்கிய வீடு அது. கேட்டில் 'முன்மாதிரி வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

ஊசியை ஒரு பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா சின்ன வயசு. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது இன்சுலின் ஊசி. சுகர்காரங்க போட்டுக்குறது. சுகர் ஒட்டாது, பயப்படாதீங்க. ஆனா அவங்க ரத்தத்துல எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை மாதிரி எதுனா இருந்தா உங்களுக்கும் வரலாம். வாய்ப்பு ரொம்பக் கம்மிதான். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சுடுங்க. இருபத்தெட்டு நாள். ஊசி யாருதுன்னு தெரிஞ்சு, அவங்களுக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னா உடனே நிறுத்திடலாம்."

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் பரத் போன் செய்தான். "கையுறை போட்டிருந்தீங்களாக்கா?"

"போட்டிருந்தேன். கிழிஞ்ச கையுறை."

"போட்டிருந்தாங்கன்னு எழுதிக்கிறேன். கிழிஞ்சதெல்லாம் எதுக்குக்கா, வீணா பேஜாரு." விரல் எப்படி இருக்கிறது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. துப்ப வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு சுகிர்தா அம்மா வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டேன்.

"யம்மா, உங்க மேல தப்பு சொல்ல வரல. காலைல குப்பைல கெடந்த ஊசி என் கையில குத்திடுச்சு. உங்க ஊட்டுல யாருனா சுகர் ஊசி போட்டுக்கினு இருந்தா, ஒரே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா போதும். யாருக்கும் தெரியாதும்மா. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"எங்க ஊட்டுலயா? எங்க ஊட்டுல யாருக்கும் தலைவலிகூட வந்ததில்ல."

"அந்தத் தாளுல காபித்தூள் இருந்துச்சும்மா."

"ஏன், ஊருல நாங்க மட்டும்தான் காபி குடிக்கிறமா? கேட்டுல இன்னா ஒட்டியிருக்குன்னு பாத்தியா நீ? போய் மத்த ஊட்டுல கேளு."

அவருக்குப் பின்னால் மகள் மோனிகா நின்றிருந்தாள். தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிற பெண். என் விரல் கட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். இவ்வளவு படித்தவளுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

நான் திரும்பும்போது சுகிர்தா அம்மா கேட்டார்: "கைய நல்லா கழுவிட்டுத்தானே கேட்டத் தொட்ட?"

மாத்திரை என்னைப் படுத்தி எடுத்தது. காலையில் எழுந்தால் தலை சுற்றும். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. குப்பைக்குக் குமட்டாத வயிறு, சோற்றைக் கண்டால் புரண்டது. காக்களூரில் லேத் பட்டறைக்குப் போகிற என் வீட்டுக்காரர் லோகு, டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மறுநாளே என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். "டம்ளர்ல ஒட்டாதுய்யா" என்றால், "தெரியும், இருந்தாலும்" என்றார். பதினாறு வருடம் குடித்தனம் நடத்திய ஆள். அந்த 'இருந்தாலும்' எனக்கு மாத்திரையைவிடக் கசந்தது.

விஷயத்தை விக்டோரியா அக்காதான் விசாரித்து வந்தார். "அந்தப் பொண்ணுக்குதான்டி சுகர். ஸ்கூல் படிக்கிறப்பவே வந்துச்சாம். இப்ப மாப்ள பாத்துக்கினு இருக்காங்க. வெளிய தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப் பூடும்னு மூடி வெச்சிருக்காங்க."

"சுகர் இன்னா கொலைக்குத்தமாக்கா?"

"நமக்குத் தெரியும். மாப்ள ஊட்டுக்காரன் அப்டி நெனைக்கணுமே."

கையோடு பிடித்தால்தான் ஒத்துக்கொள்வார்கள் என்று, அதன் பிறகு அந்த வீட்டு வாளியை வாசலிலேயே குச்சியால் கிளறிவிட்டுத்தான் கொட்டினேன். காபித்தூள் வந்தது. ஊசி வரவில்லை. ஏரிக்கரையிலோ தண்டவாளத்து ஓரத்திலோ எறிந்திருப்பார்கள். அங்கே எவள் விரலுக்குக் காத்திருக்கிறதோ.

மாத்திரை ஆரம்பித்த இருபதாம் நாள் அந்த வாசலில் பத்துப் பதினைந்து ஜோடி செருப்புக் கிடந்தது. முந்தின நாள் நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் வேலை. சுகிர்தா அம்மா பட்டுப்புடவையோடு வந்து ஒரு கையால் வாளியை நீட்டினார். மறு கையில் இனிப்புப் பெட்டி.

"மோனிகாவுக்கு முடிவாயிடுச்சு. ஊட்டுக்கு எடுத்துக்கினு போ."

பெட்டியை வண்டியின் மேல் வைத்தேன். வாளியைக் கிளறினேன். செய்தித்தாள் சுருட்டு ஒன்று வந்தது. விருந்தாளிகளை விட்டு வெளியே போக முடியாமல் அவசரத்தில் போட்டிருக்க வேண்டும். பிரித்தேன். காபித்தூளுக்கு நடுவில் இரண்டு ஊசி. இரண்டுக்கும் ஆரஞ்சு மூடி போட்டிருந்தது.

"இது யாருதும்மா?"

அவர் சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பிடிக்க வந்தவர், தொடாமல் நிறுத்திக்கொண்டார். "மெதுவா பேசு. மாப்ள ஊட்டுக்காரங்கல்லாம் உள்ள இருக்காங்க. அவளுக்கு வெறும் சுகர்தாம்மா. போன மாசம்தான் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம், எச்.ஐ.வி., காமாலை எதுவுமே இல்ல. ரிப்போர்ட்டு பீரோலதான் இருக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாது."

ரிப்போர்ட் இருந்திருக்கிறது. நான் கேட்டு நின்ற அன்றைக்கே, பத்தடி தூரத்தில், புடவைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது.

"அதை அன்னிக்கே காட்டியிருந்தா நான் இத்தினி நாளு வாந்தி எடுத்துக்கினு கெடந்திருக்க மாட்டேனேம்மா."

"அதான் இப்ப மூடி போட்டுத்தானே போடுறோம்" என்றார்.

அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. தெருவே கேட்கும்படி கத்தியிருப்பேன். வாயைத் திறந்தால் அந்தப் பட்டுப்புடவை மேலேயே வாந்தி எடுத்துவிடுவேன் போல இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது அடங்கியதும் சொன்னேன்:

"அந்த ரிப்போர்ட்ட எடுத்துக்கினு வாங்க. டாக்டரம்மாகிட்ட காட்டிட்டுத் தந்துடுறேன்."

"நாளைக்கு..."

"இப்பவே. இல்ல, நானே உள்ள வந்து வாங்கிக்கவா?"

அவர் நகரவில்லை. மோனிகாதான் வந்தாள். தலையில் முந்தின நாள் பூ வாடிக் கிடந்தது. நான்காக மடித்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "சாரிக்கா" என்றாள். பிரித்துத் தேதியைப் பார்த்தேன். என் விரலில் ஊசி ஏறியதற்குப் பதினோரு நாள் முந்தின தேதி.

காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இனிப்புப் பெட்டியைத் திறந்தேன். நான்கு லட்டு. பச்சைத் தொட்டியில் கொட்டினேன். அட்டைப் பெட்டியை மடித்து நீலத் தொட்டியில் போட்டேன். ஊசி இரண்டையும் எடுத்து சுகிர்தா அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் விரல்களை மூடிக்கொண்டு, அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்தார்.

"தாளுல சுத்தி, தனியா, என் கையில குடுங்கம்மா" என்றேன். "வாங்கிக்கிறேன்."