வர்வாரா கேட்ட சத்தம்

அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்து மீன்சாறு ஊட்டிக்கொண்டிருந்தாள் ஃபெக்லா. முதல் கரண்டி எப்படியோ உள்ளே போனது. அடுத்ததை வர்வாரா உதட்டாலேயே தள்ளிவிட்டாள். சாறு முகவாயில் வழிந்தது. முற்றத்திலிருந்து சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“அவரத் திட்டாத,” என்றாள் வர்வாரா.

“நான் எங்க திட்டினேன்?”

“மனசுக்குள்ள திட்டுற. எனக்குக் கேக்குது.”

ஃபெக்லா அக்காவின் முகவாயைத் துடைத்தாள். ஆற்றில் பனிக்கட்டிகள் மிதக்கத் தொடங்குவதற்கு முன்பு வந்த கடைசிப் படகில் அவள் நகரத்திலிருந்து வந்திருந்தாள். பெரிய மருத்துவமனையில் கைவிரித்துவிட்டு வர்வாராவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து ஃபெக்லாதான் அக்காவைக் குளிப்பாட்டினாள், துணி மாற்றினாள். கவ்ரில் அத்தான் பொழுதெல்லாம் லாரிக்கு அடியில் கிடந்தார். சாயங்காலமானால் லாரியின் பேட்டரிகள் இரண்டையும் கழற்றிக்கொண்டுவந்து அடுப்போரம் வைப்பார். அக்காவின் கட்டிலுக்கு அருகிலேயே. அமில நெடி அடிக்கிறது, கொட்டகையில் வைக்கக்கூடாதா என்று ஃபெக்லா ஒருமுறை கேட்டாள். குளிரில் செத்துப்போகும் என்றார். எது என்று அவளும் கேட்கவில்லை.

வர்வாரா கண்ணை மூடினாள். ஆனால் தூங்கவில்லை. இமைகளுக்குள் கண்மணிகள் உருண்டுகொண்டே இருந்தன. பல நாட்களாக இப்படித்தான். மருந்து கொடுத்தாலும் சற்று நேரம் அயர்வாள், பிறகு எதையோ தவறவிட்டவள்போலத் திடுக்கிட்டு விழிப்பாள். வெளியே மறுபடி சுத்தியல் இறங்கியது. ஃபெக்லா கிண்ணத்தை வைத்துவிட்டு, கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள்.

மூச்சை இழுத்ததும் மூக்கின் உள்ளே முடிகள் விறைத்தன. லாரிக் கேபினின் ஜன்னல்களுக்கு உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடி பொருத்தியாகிவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் தடித்த கம்பளி மெத்தை தொங்கியது. அது அக்கா தைத்தது. கோடையில் ஊற்றிய டீசல் கூழாகிவிடும் என்று கவ்ரில் முந்தைய நாளே வடித்தெடுத்து, குளிர்காலத்து டீசல் நிரப்பியிருந்தார். இப்போது மல்லாந்து படுத்து, டீசல் போகும் குழாய்களைக் கம்பளித் துண்டுகளால் சுற்றிக்கொண்டிருந்தார். பூட்ஸ்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

“அத்தான்,” என்று அந்தப் பூட்ஸ்களைப் பார்த்துச் சொன்னாள். “உள்ள ஒரு உயிர் போய்க்கிட்டிருக்கு. ஆறு உறைய இன்னும் நாள் கிடக்கு. லாரி எங்க ஓடிப்போகுது?”

கவ்ரில் ஊர்ந்து வெளியே வந்தார். தாடியில் பனி பிடித்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார்.

“அவதான் கேட்டா.”

“எதைக் கேட்டா?”

“இன்ஜினப் போடச் சொன்னா. சத்தம் இல்லாம தூங்க முடியலையாம்.”

ஃபெக்லா இந்த ஊருக்கு எப்போதுமே கோடையில்தான் வந்துபோவாள். குளிர்காலத்து அக்காவை அவளுக்குத் தெரியாது. உறைந்த ஆற்றின்மேல் மாவும் நிலக்கரியும் ஏற்றிக்கொண்டு மேல்பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும் இந்த லாரியில், கல்யாணமான ஆண்டிலிருந்து எல்லாக் குளிர்காலமும் வர்வாரா கவ்ரிலுக்குப் பக்கத்து இருக்கையில் கூடவே போயிருக்கிறாள். முதல் பனியில் போட்ட இன்ஜினை வசந்தம் வரும்வரை யாரும் அணைப்பதில்லை. சமைப்பது, சாப்பிடுவது, உறங்குவது எல்லாம் அது ஓடும்போதுதான். நட்டநடுப் பாதையில் அது நின்றுவிட்டால், விரல்கள் விறைப்பதற்குள் திரும்பக் கிளப்பியாக வேண்டும். இருக்கைக்குப் பின்னாலிருந்த பலகையில் படுத்திருக்கும் வர்வாரா, சத்தம் ஒரு இழை மாறினாலும் கவ்ரிலுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவாளாம். அமைதி என்றால் ஆபத்து என்று அவள் உடம்பு பழகியிருந்தது. அந்த உடம்பைத்தான் தான் சத்தமில்லாத அறையில் கிடத்தி, ஆள் நடமாட்டம்கூடக் கேட்காமல் காக்கப் பார்த்தோம் என்பது ஃபெக்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் உடம்பைக் கெடுத்ததே இந்த லாரிதான் என்று நகரத்தில் எல்லோரிடமும் சொல்லிவந்தவள் அவள்.

“இன்னும் என்ன பாக்கி?” என்று கேட்டாள்.

“அடியில சூடு காட்டணும். பேட்டரியக் கொண்டுவரணும்.”

மண்ணெண்ணெயில் சீறி எரியும் விளக்கை அவர் ஆயில் தொட்டிக்குக் கீழே வைத்தார். ஃபெக்லா உள்ளே போய் ஒரு பேட்டரியைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துத் தூக்கிவந்தாள். மற்றதை அவர் எடுத்துவந்தார். இன்ஜின் முதலில் முனகி நின்றது. அவர் காத்திருந்தார். மறுபடி சாவியைத் திருப்பியதும் குலுங்கிக் கரும்புகை கக்கிப் பிடித்துக்கொண்டது.

ஃபெக்லா உள்ளே ஓடினாள். வர்வாரா கண் திறந்திருந்தாள்.

“மொதல்ல கொஞ்சம் இருமும்,” என்றாள், யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல.

இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தடுமாற்றம் மெல்லக் குறைந்து சத்தம் சீரானது. சுவர் வழியாக அது கட்டிலுக்கு வந்தது.

“இப்ப சரி,” என்று சொல்லிவிட்டு வர்வாரா கண்ணை மூடினாள். இமைகள் அசையவில்லை.

கவ்ரில் வாசற்படியிலேயே நின்றார். கையெல்லாம் கரி. பரவாயில்லை, வந்து உட்காருங்கள் என்று ஃபெக்லா கூப்பிட்ட பிறகு வந்து கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தார். அந்தக் குட்டைப் பகலின் வெளிச்சம் போவதற்கு முன்பு வர்வாராவின் மூச்சு நின்றுபோனது. எந்தக் கணத்தில் என்று இருவருக்கும் தெரியவில்லை. இன்ஜின் சத்தத்தில் அது கேட்கவில்லை.

செய்தி தெரிந்து பக்கத்து வீட்டு அகுலினா வந்தாள். ஊரில் சாவு விழுந்தால் உடலைக் கழுவி உடுத்துகிறவள் அவள்தான். வெந்நீர் வைக்கச் சொன்னாள், தலைமுண்டு எங்கே என்று கேட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“கவ்ரில், சாவு வீட்டுல எதுக்குப்பா இந்த இரைச்சல்? நிறுத்திடு.”

அவர் எழுந்து தொப்பியை எடுத்தார்.

“வேண்டாம் அத்தான்,” என்றாள் ஃபெக்லா. அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. “ஓடட்டும்.”

அகுலினா அவளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்புறம் வர்வாராவின் தலைமுண்டை முடிச்சிட்டாள்.

மேட்டிலிருந்த இடுகாட்டில் தரை உறைந்து கல்லாக இருந்தது. விறகை அடுக்கித் தீமூட்டி, இளகிய மண்ணை ஒரு சாண் தோண்டி, மறுபடி தீமூட்டினார்கள். தோண்டுகிறவர்கள் முறைவைத்துக் குளிர்காய்வதற்காக கவ்ரில் லாரியை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். ஃபெக்லா தேநீர் கொண்டுபோனபோது செம்யோன் மற்றவர்களோடு கேபினுக்குள் இருந்தான். அவனும் அதே பாதையில் லாரி ஓட்டுகிறவன்.

“வர்வாரா மட்டும் இப்ப பாத்தான்னா, சேத்துக் காலோட ஏறினதுக்கு நம்ம தோல உரிச்சிருப்பா,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அடுத்த முறை போனபோது, உள்ளே உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒவ்வொருவரும் பூட்ஸ்களைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் அதே லாரியில்தான் சவப்பெட்டி போனது. கவ்ரில் நடக்கிறவர்களின் வேகத்துக்கு ஓட்டினார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். ஃபெக்லா ஜன்னலோரம் நின்று தட்டுகளைக் கழுவினாள். மறுநாள் சிறிய விமானத்தில் அவள் நகரம் திரும்புகிறாள். ஆற்றில் பனி வேகமாகக் கெட்டிப்பட்டு வருகிறது, அடுத்த வாரம் கவ்ரில் முதல் லோடு மாவு ஏற்றுவார் என்று செம்யோன் சொல்லியிருந்தான். கூட யார் போவார்கள் என்று அவள் கேட்டதற்கு, இனி தனியாகத்தான் என்றான்.

கவ்ரில் முற்றத்தில் ஒரு டப்பாவும் துணியுமாக ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து நின்றார். குளிரில் கதவு விளிம்பின் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் கிழியும். கிளிசரின் தடவிவிட்டால் ஒட்டாது. அவர் விளிம்பு முழுவதும் தடவி, கதவைச் சாத்தித் திறந்து பார்த்தார். திரும்பச் சாத்தினார். டப்பாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.

பாதி வழியில் நின்றார்.

ஃபெக்லா கையில் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் போய், லாரியின் முன்பக்கமாகச் சுற்றி, மறுபக்கக் கதவைத் திறந்தார். டப்பாவை எடுத்து மூடியைத் திருகினார். துணியை நனைத்துக்கொண்டு மேல் விளிம்பிலிருந்து தடவத் தொடங்கினார்.