அடிபட்டுப் போகும்

"கேன்சல் அவுட்னா, டிக்கெட்டைக் கேன்சல் பண்ற மாதிரியா டீச்சர்?" என்று கணினித் திரையிலிருந்து வாயாடி கேட்டாள். ஏழாம் வகுப்பு. பெயர் வேறு, இது மனதுக்குள் நான் வைத்தது. மற்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இயற்பியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். பன்னிரண்டு பேர் பார்த்தால் இன்னும் காது சுடும்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. பின்னத்தில் மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் இரண்டும் அடிபட்டுப் போகும். நானும் அப்படித்தான் படித்தேன். பத்து மாதமாக அந்தச் சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை.

பத்து மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "ரெண்டு பேரும் அடிபட்டுட்டாங்க" என்றாள். அப்பாவும் தம்பியும் ஒரே வண்டியில் போயிருந்தார்கள். அடிதானே என்று அம்மா நினைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருக்கும் என்று ஆளுக்கொரு மாற்றுடை, துண்டு, பிளாஸ்கில் வெந்நீர் எல்லாம் நிதானமாக எடுத்து வைத்தாள். "உங்கப்பாவுக்கு வெள்ளைச் சட்டை வேணாம்டி, கறை பட்டா போகாது" என்று சொல்லி நீலச் சட்டையை மடித்தாள். நாங்கள் போனபோது உடை மாற்றிவிட இருவருமே உயிரோடு இல்லை. அந்தப் பை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அம்மா அதைத் தொடுவதில்லை, என்னைத் தொடவும் விடுவதில்லை.

நான் வகுப்பெடுக்கும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். ஹெட்போன் வேறு பழுது. அம்மாவுக்கு எல்லாம் கேட்கும். வேறு சொற்களைத் தேடிப் பார்த்தேன். நீங்கிவிடும். மறைந்துவிடும். இல்லாமல் போய்விடும். ஒவ்வொன்றும் இதைவிட மோசம்.

அன்று சாயங்காலம் ஆன்லைன் டியூஷன் நிறுவனத்தின் மேலாளர் போனில் அழைத்தார். "கேன்சல் அவுட், கேன்சல் அவுட்னே ஓட்டுறீங்களாமே? பாதிப் பசங்களுக்குப் புரியலையாம். அடிபட்டுப் போச்சுன்னு தமிழ்ல சொன்னா வாய் சுளுக்கிக்குமாம்மா? நாளைக்கு நானும் வந்து உக்காருறேன். சரிப்படலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்." வீட்டில் இப்போது சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

மறுநாள் திரையின் பதின்மூன்றாவது கட்டத்தில் அவர் இருந்தார். பலகையில் மேலே ஒரு ஏழும் கீழே ஒரு ஏழும் எழுதி, இரண்டின் மீதும் சாய்கோடு போட்டேன். குரலைத் தாழ்த்தி, "ரெண்டும்…" என்றேன்.

"அடிபட்டுப் போச்சு!" என்று கத்தினாள் வாயாடி. "எங்க அண்ணன் சொல்லிக் குடுத்துட்டான் டீச்சர். ரெண்டும் அடிபட்டுப் போச்சு, அப்ப மிச்சம் பூஜ்யம்!"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் காய் நறுக்கும் சத்தம் நின்றது.

எல்லோரும் செய்யும் தவறுதான். ஏழிலிருந்து ஏழைக் கழித்தால் பூஜ்யம். ஏழை ஏழால் வகுத்தால் ஒன்று.

"இல்லம்மா, ஒண்ணு மிஞ்சும்" என்றேன்.

"ரெண்டும் போனப்புறம் ஒண்ணு எப்படி டீச்சர் மிஞ்சும்? அது இவ்ளோ நேரம் எங்க இருந்துச்சு?"

எளிய கேள்வி. பதில் தெரியும். அதைச் சொல்லாமல் ஏழின் மீதிருந்த சாய்கோட்டை இன்னொரு முறை இழுத்தேன். மேலாளர் மணியைப் பார்த்தார்.

திரைச்சீலை விலகியது. கத்தியும் கையுமாக அம்மா நின்றாள். பலகையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"புள்ள கேக்குதுல்ல" என்றாள் மெதுவாக. "சொல்லு."

சொன்னேன். ஏழு என்பது ஏழு தடவை ஒன்று, அந்த ஒன்று முதலிலிருந்தே கூட இருக்கிறது, ஏழு அடிபட்டுப் போனாலும் அது அடிபடாது என்று சொன்னேன். அந்தச் சொல்லை மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்ததும் பலகையைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"இரு, அழிக்காத" என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். பையை ஆணியிலிருந்து இறக்கி மடியில் வைத்திருந்தாள். இன்னும் திறக்கவில்லை. கோடுகளுக்கு அடியில் தெரிந்த இரண்டு ஏழுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே, பிளாஸ்கில் தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டது.