சீமாட்டிக்கு ஒரு முழ மண்

"ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லைப் பேத்தா போதும்னுதானே கேக்..."

"ஒரு கல்லைத் தொட்டா பக்கத்துக் கல்லும் ஆடும். உனக்கென்ன தெரியும், நீயா குனிஞ்சு பதிச்சே? என் இடுப்பு..."

"உன் இடுப்பைப் பத்தி ஆகஸ்ட் மாசம் பூரா கேட்டாச்சு. மண்ணு கிடைக்கலேன்னா அது செத்துப்போகும், எவாரிஸ்தோ."

"ஒரு பச்சோந்தி செத்தா ஊரு என்ன..."

"அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள்ள சொல்லாத."

"நீதானே மொதல்ல சொன்னே."

ரெக்லா புருஷன் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். சொன்னது அவள்தான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பவள்போல இடுப்பில் கட்டியிருந்த துணியால் உதட்டைத் துடைத்தாள்.

முற்றத்தில் அந்தப் பச்சோந்தி, சீமாட்டி, நடந்துகொண்டிருந்தது. எலுமிச்சை மரத்தை விட்டு இறங்காத பிராணி. அடுக்களை ஜன்னல் வரைக்கும் நீண்ட கிளையில் உட்கார்ந்து ஈ பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. மூன்று நாளாய்த் தரையிலேயே கிடக்கிறது. நாலு சுவரையும் ஒட்டி நடக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுரண்டிப் பார்க்கும். மறுபடி நடக்கும். உடம்பு கரும்பச்சையாகி, அதன் மேல் மஞ்சள் பொட்டுகள் தெறித்திருந்தன. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, உள்ளே இருக்கிற முட்டைகளை வெளியிலிருந்தே எண்ணிவிடலாம் போல் மேடும் பள்ளமுமாய் இருந்தது.

செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு முன்னால் ஊர் முழுக்க வெள்ளையடிப்பார்கள். ஊர்வலத்துக்கு வந்தவர்கள் திறந்த கதவு வழியாக ஒருவர் முற்றத்தை ஒருவர் எட்டிப் பார்த்து, நல்லது பொல்லாதது பேசிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே எவாரிஸ்தோ இந்த வருஷம் முற்றம் முழுக்கப் பூப்போட்ட கல் பதித்தான். கடலை விட்டு வந்து ஏழு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு அது பெரிய காரியம். மரத்தைச் சுற்றி நாலு விரல் மண் விட்டான். அதிலும் எறும்பு வரக்கூடாதென்று மிச்சச் சுண்ணாம்பைக் கொட்டினான். போன அக்டோபரில் சீமாட்டி முட்டையிட்டது அந்த இடத்தில்தான் என்பது அவனுக்கும் ஞாபகம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

சீமாட்டியைக் கொண்டுவந்தவன் மகன் லியாந்த்ரோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடற்கரைப் புதரிலிருந்து தொப்பிக்குள் வைத்து. அது நடந்த நடையைப் பார்த்துப் பேர் வைத்தவனும் அவனே. ஒவ்வொரு தடவை படகேறும்போதும் ஒரே பேச்சுத்தான்.

"கடல்ல இருந்து கடுதாசி வராது அம்மா. நீ இவளைப் பாத்துக்கோ. இவ நல்லா இருந்தா நான் நல்லா இருக்கேன்னு வெச்சுக்கோ."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ரெக்லா சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவன் போன படகு 'மாரி லுஸ்' தெற்கே ஆப்பிரிக்கக் கரையோரம் மீன்பிடிக்கப் போய் ஐந்து வாரம். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குத் துறைமுகத்து மதுக்கடையில் வயர்லெஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் நிற்பார்கள். ஒவ்வொரு படகும் முறைவைத்துக் கூப்பிட்டு, எல்லோரும் சுகம் என்று சொல்லும். நாலு நாளாக மாரி லுஸ் கூப்பிடவில்லை. வயர்லெஸ் கம்பம் உடைந்திருக்கும் என்றார்கள் படகு முதலாளியின் ஆபீசில். மூன்றாம் நாளும் அதையே சொன்னார்கள், ஆனால் அன்றைக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்கள். அதுதான் ரெக்லாவுக்குப் பிடிக்கவில்லை.

"கல்லைத் தொடமாட்டேன்," என்றான் எவாரிஸ்தோ கடைசியில். "தொட்டி வைக்கிறேன். திராட்சை மிதிக்கிற பாதிப் பீப்பாய் சும்மாத்தானே கிடக்கு."

"ஆழமா இருக்கணும்."

"உன் சீமாட்டி கிணறா வெட்டப்போறா?"

தள்ளுவண்டியில் மணல்மேட்டு மணலைக் கொண்டுவந்து கொட்டினான். சாய்த்து ஒரு கிளையும் வைத்தான். சீமாட்டி கிளை வழியே இறங்கியது. தலையை நுழைத்து முன்கைகளால் பறித்தது. தோள் மறைந்தது, இடுப்பு மறைந்தது. பிறகு மேலே இருந்த மணல் சரசரவென்று சரிந்து குழியை மூடிவிட்டது.

வால் மட்டும் வெளியே நின்றது. அசையவில்லை.

ரெக்லா கையைவிட்டு வாரி எடுத்தாள். கண்ணெல்லாம் மணல். உடம்பு அடுப்புக்கரி நிறம். அவள் உள்ளங்கையில் அது வாயைத் திறந்தபடி கிடந்தது, சத்தம் ஏதும் இல்லாமல்.

"மூச்சு இருக்கா?" என்று எவாரிஸ்தோ கேட்டான். கிண்டல் போன இடம் தெரியவில்லை.

அவள் ஈரத்துணியால் அதன் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஒரு கண் முதலில் சுழன்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும்.

அடுத்த வீட்டு பாஸ்தோரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மணல்மேட்டுக்குப் பின்னால் அவளுக்குப் பள்ளத்தோட்டம் இருந்தது. இரண்டடி தோண்டினால் தண்ணீர் கசியும் மணலில் முள்ளங்கியும் கீரையும் போடுகிறவள். தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"இது என்ன, ரொட்டி சுடவா? மாவு மாதிரி இருக்கு. யாரு கொண்டாந்தது, உன் துரையா?"

"நான்தான்," என்றான் எவாரிஸ்தோ.

"முப்பது வருஷம் தண்ணியில இருந்தவனுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும். என் தோட்டத்து மணலை எடு, ஈரமா இருக்கும். கொட்டி மிதி. கையை முழங்கை வரைக்கும் விட்டு எடு. குழி அப்படியே நிக்கணும். நின்னாதான் அவளுக்கு நம்பிக்கை வரும்." பிறகு ரெக்லாவின் பக்கம் திரும்பினாள். "அடியே, முக்கியமா ஒண்ணு. எட்டிப் பாக்காத. தோண்டும்போது ஒரு கண்ணு தன் மேல இருக்குன்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவா. போடாம உள்ளேயே வெச்சுக்குவா. எங்க மாமியார் வீட்டுல ஒண்ணு அப்படித்தான் உள்ளேயே அழுகி..."

"பாஸ்தோரா."

"சரி சரி. சொல்லல."

எவாரிஸ்தோ ஈர மணலை நிரப்பி, செருப்பைக் கழற்றிவிட்டுத் திராட்சை மிதிப்பதுபோல் மிதித்தான். இடுப்பு வலியில் முகம் கோணியது, வாய் திறக்கவில்லை. கையை விட்டு எடுத்தான். குழி நின்றது. சுற்றிக் கோணி கட்டி மறைத்தான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ரெக்லா கோணியை ஆறு தடவை விலக்கிப் பார்த்தாள். முதல் தடவை சீமாட்டி ஓரமாய் ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் ஒரு கண்ணை மட்டும் பின்னால் திருப்பி, அப்படியே நின்றது. மூன்றாம் தடவை அந்தக் குழியை விட்டுவிட்டு வேறிடத்தில் தோண்டியது. ஆறாம் தடவை எங்கேயும் தோண்டவில்லை. கிளையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பகலில் அது கண்ணை மூடி அவள் பார்த்ததே இல்லை.

"உன் கண்ணுதான்," என்றான் எவாரிஸ்தோ. "கடலைப் பாக்குற மாதிரியே அதையும் பாக்குறே. பாத்துக்கிட்டே இருந்தா வந்துடுமா?"

சொன்ன பிறகு அவன் கையால் வாயைத் தேய்த்தான். அவள் கோணியை இழுத்து மூடினாள்.

பத்து மணி வாக்கில் பாஸ்தோரா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கதவைத் தட்டிவிட்டு வந்தாள்.

"மதுக்கடைக்கு ஆபீசுல இருந்து போன் வந்துச்சாம். மாரி லுஸ்ல போனவங்க வீட்டு ஆளுங்களை வரச்சொன்னாங்களாம்." அவள் தரையைப் பார்த்தாள். "அப்பாமாருங்க மட்டும் வந்தா போதுமாம்."

நல்ல சேதியென்றால் ஆபீசில் இருந்து பையனை அனுப்பித் தெருவிலேயே கத்தச் சொல்வார்கள். அப்பாமார்களைத் தனியாகக் கூப்பிடமாட்டார்கள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"கம்பம் சரியாயிருக்கும்," என்றான் எவாரிஸ்தோ.

"நானும் வரேன்."

"நீ வந்தா இதை யாரு பாத்துக்கறது? தச்சன் வீட்டுப் பூனை காலையில இருந்து சுவர் மேல உக்காந்திருக்கு."

ரெக்லா சுவரைப் பார்த்தாள். பூனை இருந்தது. கோணியைப் பார்த்தாள். அவன் மூங்கில் நாற்காலியைத் தூக்கிவந்து, தொட்டிக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்க்கப் போட்டான்.

"உக்காரு. சுவரைப் பாரு. திரும்பாத. பூனை இறங்குனா மட்டும் கல்லை எறி."

"அவ போட்டுடுவால்ல?"

"குழி நிக்குது. போட்டுடுவா," என்று சொல்லிவிட்டு அவன் போனான். இடுப்பு வலியில் நொண்டும் காலின் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அவள் மடியில் பயறு இருந்தது. கல் பொறுக்கினாள். பொறுக்கின கல்லை மறுபடி பயறுக்குள்ளேயே போட்டதைப் பிறகுதான் கவனித்தாள். வெள்ளைச் சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மணல் பீப்பாய்ப் பலகையில் தெறிக்கிற சத்தம். ஒரு பிடி. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு பிடி. ரெக்லா மூச்சை அடக்கிக்கொண்டாள். பூனை தலையை நீட்டியது. அவள் கல்லை எடுத்தாள், எறியவில்லை, கையை உயர்த்திக் காட்டினாள். அது போய்விட்டது. சத்தம் தொடர்ந்தது, ஒவ்வொரு தடவையும் இன்னும் ஆழத்திலிருந்து. பிறகு நின்றுபோனது.

சரிந்துவிட்டதா? மூடிக்கொண்டுவிட்டதா? கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பவில்லை.

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அதற்கப்புறம் தெரு அமைதியாக இருந்தது. மதுக்கடை ரேடியோவை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அடுத்த வீட்டில் பாஸ்தோரா, துக்கம் விழுந்த தெருவில் செய்வதுபோல், ஜன்னல் கதவைப் பாதி சாத்தினாள். எதிர்வீட்டிலும் ஒரு கதவு பாதி சாத்தப்பட்டது. ரெக்லா ஒன்று, இரண்டு, மூன்று கதவு வரை கேட்டாள். அதற்குமேல் கேட்காமல் பயறைப் பார்த்தாள்.

நொண்டும் கால் வந்தது. கூடவே இன்னொருவரின் பூட்ஸ் சத்தம். பூட்ஸ் வாசலோடு நின்றது. எவாரிஸ்தோ மட்டும் உள்ளே வந்தான். அவனுடைய நிழல் வெள்ளைச் சுவரில் அவள் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. தலையில் தொப்பி இல்லை. நாவிதனிடமும் கோயிலிலும் தவிர அவன் தொப்பியைக் கழற்றியதில்லை.

"ரெக்லா."

"சத்தம் போடாத. குழிக்குள்ள இருக்கா."

"ரெக்லா, கொஞ்சம் இந்தப் பக்கம்..."

"மூடி முடிக்கட்டும். நீதானே சுவரைப் பாருன்னே. நீயும் பாரு."

அவன் நின்றான். நிழல் தொப்பியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றியது. வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எவாரிஸ்தோ பின்னால் கையைக் காட்டி அடக்கினான்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. மணலைத் தள்ளி, சின்னக் கைகளால் தட்டி இறுக்குகிற சத்தம். தள்ளும், தட்டும். கொஞ்சம் ஓய்ந்து, தள்ளும், தட்டும். அவசரமே இல்லை. அவர்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தது ரெக்லாவுக்கு. இன்னும் கொஞ்சம் தட்டட்டும். இன்னும் கொஞ்சம்.

கடைசியில் கிளையில் நகம் உரசியது. அவள் எழுந்து திரும்பினாள். பயறு மடியிலிருந்து கல்தரையெங்கும் சிதறியது.

கோணிக்கு மேலே சீமாட்டி தொற்றிக்கொண்டிருந்தது. தலைக்கொண்டையில் ஈர மணல். வயிறு ஒட்டி, விலாவெல்லாம் மடிப்பு விழுந்து, பாதியாய் இளைத்திருந்தது. மஞ்சள் பொட்டுகள் வெளிறிவிட்டன. தொட்டியில் மணல் சமமாக, குழி இருந்த அடையாளமே இல்லாமல் இருந்தது.

ரெக்லா துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக அதன் வாய்க்கு மேல் பிழிந்தாள். அது குடித்தது. நாக்கு நுனியால் உதட்டைத் தேடித் தேடிக் குடித்தது.

"போட்டுட்டா," என்றாள். "எல்லாத்தையும் போட்டுட்டா. பாத்தியா, எவ்வளவு இளைச்சுட்டா. ஆனா நல்லா இருக்கா. கண்ணைப் பாரு, நல்லா இருக்கா."

எவாரிஸ்தோ கண்ணைப் பார்க்கவில்லை. தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சீமாட்டியை எலுமிச்சைக் கிளையில் ஏற்றிவிட்டாள். கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். நாற்காலியைத் திருப்பி அவனுக்கு நேராகப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"சரி. இப்ப சொல்லு."