பேட்டரி உள்ள சாமான்

சவப்பெட்டி லிஃப்டுக்குள் நுழையாது. அதனால் தனுஜாவை மேலே கொண்டுவரவில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மோட்டார் சைக்கிள்களைத் தள்ளி நிறுத்திவிட்டு அங்கேயே கிடத்தியிருந்தார்கள். அவள் மேல் போர்த்துவதற்கு ஒரு நல்ல துணி வேண்டும் என்று மனைவி சந்திரிகா அனுப்ப, வாசு மேலே வந்து மகளின் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தான்.

தீபாவளிக்கு எடுத்த பட்டுத் தாவணி அடியில் மடித்தபடி இருந்தது. எடுத்து உதறினான். உள்ளேயிருந்து விரல் நீளத்தில், இளநீலமாக ஒன்று தரையில் விழுந்தது. கூடவே மாம்பழ வாசம்.

நேற்று ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனதும் இதே மாதிரி ஒரு வேப்தான், பேட்டரியில் புகை வரும் சிகரெட். அங்கிருந்த மலாய்க்கார டாக்டர் பெண் அவனுக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். இதற்குள் ஊற்றுகிற திரவத்தில் போதை மருந்து கலந்து விற்கிறார்கள். உங்கள் மகளின் மூச்சை நிறுத்தியது அதுதான். அவளோடு சேர்ந்து இழுத்த பிள்ளைகள் யாராவது இருந்தால் கண்டுபிடித்து உடனே கூட்டிவாருங்கள். வாசு தலையாட்டினான்.

வெளியே வந்ததும் சந்திரிகா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"யார் கேட்டாலும் ஆஸ்துமான்னு சொல்லுங்க. பொம்பளப் புள்ளங்க. செத்தும் அவ பேரு நாறணுமா?"

அவன் அதற்கும் தலையாட்டினான்.

விழுந்ததைக் குனிந்து எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பகல் முழுக்க வெங்காய மூட்டை தூக்குகிற உடம்பு அவனுடையது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. வீட்டுக்கு வந்தால் மகள் அறைப் பக்கமிருந்து மாம்பழ வாசம் வரும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஏதோ செண்டு வாங்கிப் பூசுகிறாள் என்று நினைத்தான். ஒருநாள், "நல்லாருக்கும்மா இந்த வாசம், அப்பாவுக்கும் கொஞ்சம் குடு லா" என்றுகூடக் கேட்டுவிட்டான். தனுஜா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே அலமாரிக் கதவைச் சாத்தினான்.

தாவணியோடு கீழே வந்தபோது, கூடாரத்துக்குள் போட்டிருந்த நாற்காலிகளில் அண்டை வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் இந்த ஐஸ் தண்ணியால வர்றது. என் பேரன் ஐஸ் மைலோ இல்லாம சோத்துல கை வைக்கமாட்டான்."

"ஏர்கான் மட்டும் என்னவாம்? எந்நேரமும் போட்டுக்கிட்டுப் படுத்தா நெஞ்சு சளி கட்டாதா?"

வாசுவைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்து, "மூச்சுக் குழாய் வீக்குன்னா நாம என்ன செய்ய முடியும் தம்பி" என்றார். வாசு, "ஆமாண்ணே" என்றான்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து தங்கை சுபாஷினி வந்திருந்தாள். அவள் மகள் சாந்தினியும் தனுஜாவும் ஒரே வயது. பள்ளி விடுமுறை வந்தால் இருவரும் இங்கே பாதி, அங்கே பாதி என்று சேர்ந்தே கிடப்பார்கள். சாந்தினி, "மாமா" என்று வந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

மாம்பழ வாசம்.

தன் பைக்குள் இருப்பதுதான் காட்டிக்கொடுக்கிறது என்று பயந்து, வாசு ஒரு கையால் பையைப் பொத்தினான். சாந்தினி விலகித் தன் அம்மாவிடம் போனாள். வாசமும் அவளோடு போயிற்று.

"நல்லவேளைண்ணே, இவளுக்கு அந்தச் சீக்கெல்லாம் கிடையாது" என்றாள் சுபாஷினி, மகளின் முதுகைத் தடவிக்கொண்டே.

இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்யும் கோகிலன் மைக்கைப் பிடித்தார். தேவாரம் முடிந்ததும் இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது அவர் வழக்கம். காலையிலேயே வாசுவிடம் கேட்டு வைத்திருந்தார்.

"நம்ம தனுஜா, பதினாறு வயசு. அமைதியான புள்ள. ஆஸ்துமா நோயால நம்மள விட்டுப் பிரிஞ்சிட்டாங்க."

அதைக் கேட்டதும் சாந்தினியின் தோள்கள் மெல்ல இறங்கின. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அவள் விட்டதை வாசு பார்த்தான். அவளுக்குத் தெரியும். மாமா சொல்லமாட்டார் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

பெட்டியை மூடுமுன் பிரியமான பொருள்களை வைக்கச் சொன்னார்கள். சந்திரிகா பொம்மைக் கரடியை வைத்தாள். யாரோ வளையல் வைத்தார்கள். வாசு தாவணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, மூடிய கையை அதன் அடியில் நுழைத்தான். இதுவும் அவளோடு எரிந்து போகட்டும். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம்.

"ஒரு விஷயம் சொல்லிக்கிறேன்" என்றார் கோகிலன். "போன், வாட்ச், பேட்டரி உள்ள சாமான் எதையும் பெட்டியில வைக்காதீங்க. உள்ள போனா வெடிக்கும். ஒரு வீட்டுல தாத்தா கையில டிவி ரிமோட்ட வச்சு அனுப்பிட்டாங்க. எனக்குத்தான் ஏச்சு."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

தாவணிக்கு அடியில் வாசுவின் விரல் மகளின் மணிக்கட்டில் பட்டது. சில்லென்றிருந்தது. அதில் கறுப்புக் கயிறு. பள்ளியிலிருந்து கவுன்சிலிங் டீச்சர் போன் செய்த வாரம் அவன் கட்டியது. தனுஜா வகுப்பில் அழுகிறாள், இரவில் தூங்குவதே இல்லையாம், மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் சொன்னார். "எம்புள்ள என்ன பைத்தியமா டீச்சர்? தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா?" என்று கத்திப் போனை வைத்துவிட்டு, கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கிவந்தான். தனுஜா கையை நீட்டினாள்.

அவன் மூடிய கையை வெளியே எடுத்தான். எதிர்ப்பக்கம் நின்ற சந்திரிகா, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள். சாந்தினி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுபா, இங்க வா."

தபால் பெட்டிகளுக்குப் பின்னால் தங்கையைக் கூட்டிப்போய்க் கையை விரித்தான்.

"என்னண்ணே இது?"

"ஆஸ்துமா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"இதுல மருந்து கலந்திருக்கு. இதுதான் அவளக் கொன்னது. சாந்தினி தலையில இதே வாசம் வருது சுபா."

"என்ன பேச்சுண்ணே இது? ஒம்புள்ள கெட்டுப்போனா எம்புள்ளையும் அப்படித்தானா? எல்லாரும் கேக்கறாங்கண்ணே."

"கேக்கட்டும்."

ஐஸ் தண்ணீரைப் பற்றிப் பேசியவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். வாசுவின் முகம் எரிந்தது. நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை. காலடியில் கிடந்த ஒரு விளம்பரத் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அடிக்காத. அந்த டாக்டரம்மா கூட்டியாரச் சொன்னாங்க. டீச்சரும்தான் எங்கிட்டச் சொன்னாங்க. நான்..."

சுபாஷினி திரும்பி மகளைப் பார்த்தாள். சாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். அது போதுமாயிருந்தது. சுபாஷினி அண்ணன் கையிலிருந்ததை வெடுக்கென்று பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பெட்டியை மூடினார்கள்.

மின்சுடலையில் சந்திரிகா நீளப் பெஞ்சில், அவனுக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அமர்ந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆள்கள் வந்து அவன் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். சுபாஷினி பெஞ்சுப் பக்கம் வரவில்லை. பெட்டி உலைக்குள் போனதுமே கிளம்பிவிட்டாள். கார் நிறுத்தும் இடத்தை நோக்கி, சாலை கடக்கும் சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல், மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சாந்தினி அழுதுகொண்டே போனாள். கையை உதறவில்லை.

புறப்படுமுன் எல்லோரும் குழாயடியில் வரிசையாக நின்று கைகால் கழுவினார்கள். வாசுவின் முறை வந்தது. உள்ளங்கையில் இன்னும் மாம்பழ வாசம் இருந்தது. அவன் காலை மட்டும் கழுவிவிட்டுக் குழாயை மூடினான்.